அப்பாவிடம் சொல்லாமல் போடும் ஊசி

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. கோப்பாயில் தோட்டம் செய்கிறவர். பத்து வருடமாகச் சீனி வருத்தம் இருக்கிறது. போன வருடம் இடுப்பு நோவும், சலம் போவதில் கஷ்டமும் வந்து சோதித்தபோது புரொஸ்டேட்டுக்காகப் பார்க்கும் பி.எஸ்.ஏ. என்ற இரத்தச் சோதனை 92 என்றார்கள். சின்னத் துண்டெடுத்துப் பார்த்த பயொப்சியில், சலப்பைக்குக் கீழே இருக்கும் புரொஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய், அதன் தீவிரத்தைக் காட்டும் கிளீசன் அளவு 8. எலும்பு ஸ்கானில் இடுப்பெலும்பிலும் முள்ளந்தண்டிலுமாக மூன்று இடங்களில் பரவல். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வயிற்றில் ஊசி போடுகிறார்கள். மூன்று ஊசி முடிந்து இப்போது பி.எஸ்.ஏ. 0.3. நோவும் இல்லை. புற்றுநோய் என்று அப்பாவிடம் நாங்கள் சொல்லவில்லை, சலப்பையில் கிருமி என்றுதான் சொல்லியிருக்கிறோம். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையில் ஒருக்கால் காட்டச் சொன்னார்கள். அங்கே போர்டைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று கூட்டிக்கொண்டு போகவில்லை. இப்போது இரவில் வியர்த்துக் கொட்டி எழும்பிப்போய் முற்றத்தில் இருக்கிறார். சீனி கூடிவிட்டது. எதற்கெடுத்தாலும் கோபம். "எனக்குச் சுகம், பிறகேன் ஊசி?" என்கிறார். ஊசியை நிறுத்தலாமா? விதையை எடுத்துவிட்டால் ஊசியே தேவையில்லை என்று கனடாவில் இருக்கும் அண்ணா சொல்கிறார், அது சரியா? அடுத்த ஊசிக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது. பேரன் ஆங்கிலம் வாசிப்பான் என்று பயந்து கிளினிக் கொப்பியை அலுமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறேன்.
— மகள், கோப்பாய்

அன்புள்ள தங்கச்சி,

ஊசியை நிறுத்த வேண்டாம். மற்றதெல்லாம் பிறகு. இரண்டு கிழமையில் வரும் ஊசி அந்தத் திகதியிலேயே போடப்பட வேண்டும்.

பி.எஸ்.ஏ. 92 இல் இருந்து 0.3 க்கு இறங்கியிருப்பது நல்ல செய்தி. சிகிச்சை தொடங்கி ஏழெட்டு மாதத்தில் அது எவ்வளவுக்கு இறங்குகிறது என்பதை வைத்து, நோய் எவ்வளவு காலம் அடங்கிக் கிடக்கும் என்று ஓரளவு கணிக்கலாம். 4 க்கு மேலேயே நின்றுவிட்டால் கவலைப்பட வேண்டும். 0.2 க்கோ அதற்குக் கீழேயோ போனால் மிகவும் நல்லது. அப்பா அதற்குக் கிட்டத்தான் நிற்கிறார். ஆனால் நோய் போய்விட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. செம்மண் தறையில் வெங்காயம் நட்டுப் பழகிய மனுசனுக்கு இதை விளக்கவே தேவையில்லை. தண்ணீர் விடாமல் போட்டால் கோரை காய்ந்து, தறை வெளித்துக் கிடக்கும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உயிரோடு இருக்கும். ஒரு இறைப்பு இறைத்தால் மூன்றாம் நாள் பச்சை தெரியும்.

அந்தக் கிழங்குக்குத் தண்ணீர் எது? ஆண்களின் உடம்பில் ஊறும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஓமோன். புரொஸ்டேட் சுரப்பி வளர்வதும் அதனால், அங்கே வரும் புற்றுநோய் பெருகுவதும் அதனால். சிக்காகோவில் இருந்த சார்ள்ஸ் ஹகின்ஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் தன்னுடன் வேலை செய்த கிளாரன்ஸ் ஹொட்ஜஸுடன் சேர்ந்து 1941 இல் இதைக் காட்டினார். நோய் பரவிய ஆண்களுக்கு விதைகளை எடுத்துவிட்டபோது எலும்பு நோவு குறைந்தது, கட்டி சுருங்கியது. அதற்காக 1966 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்பாவுக்கு இப்போது நடப்பதும் அதே சிகிச்சைதான், கத்தி இல்லாமல்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வயிற்றில் போடுவது என்றால் அது பெரும்பாலும் கோசெரெலின் 10.8 மில்லிகிராமாக இருக்கும். கொப்பியில் பெயர் எழுதியிருக்கும், பாருங்கள். சாதாரண ஊசி மருந்து போல அது தண்ணீராக இருக்காது. தடித்த ஊசிக்குள் அரிசி மணி போல ஒரு சின்னக் குச்சி இருக்கும். தொப்புளுக்குக் கீழே தோலுக்கு அடியில் அதை வைத்துவிடுவார்கள், அது 12 கிழமைக்கு மெல்ல மெல்லக் கரையும். டெஸ்டோஸ்டிரோனில் 90 வீதத்துக்கு மேல் விதைகளில்தான் ஊறுகிறது. ஊறச் சொல்லிக் கட்டளை போடுவது மூளைக்கு அடியில் இருக்கும் கபச்சுரப்பி. இந்த மருந்து அந்தச் சுரப்பியை ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கும். தட்டித் தட்டிச் சுரப்பி ஓய்ந்துபோகும், கட்டளை நின்றுவிடும், விதைகளும் வேலையை விட்டுவிடும். இதனால்தான் முதல் ஊசி போட்ட இரண்டு மூன்று கிழமைக்கு ஓமோன் குறையாமல் எதிர்மாறாகக் கூடும். அந்த நேரத்தில் நோய் சீறாமல் இருக்கத்தான் ஆரம்பத்தில் பைக்கலுட்டமைட் போன்ற குளிசை கொடுப்பது. அப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார்.

12 கிழமை கழித்து ஊசி போடாவிட்டால் கபச்சுரப்பி மெல்ல விழிக்கும், விதைகளும் விழிக்கும். இறைப்பு தொடங்கிவிடும். இடையிடையே ஊசியை நிறுத்தி, பி.எஸ்.ஏ. ஏறும்போது திரும்பத் தொடங்கும் முறை ஒன்று இருப்பது உண்மை. ஆனால் எலும்புக்குப் பரவிய நோயில் அது தொடர்ந்து போடுவதற்குச் சமம் என்று நிரூபிக்க முடியவில்லை. 2013 இல் வெளிவந்த பெரிய ஆய்வின் முடிவு அது. ஆகவே அப்பாவின் நிலையில் ஊசி தொடர வேண்டியதுதான். பின்னொரு காலம் இந்த ஊசியையும் மீறி பி.எஸ்.ஏ. ஏறத் தொடங்கலாம். அப்போதும் ஊசியை விடுவதில்லை, அதோடு வேறு மருந்து சேர்ப்பார்கள்.

சரி, அண்ணா சொன்னது. அவர் சொல்வதில் பிழையில்லை. இரண்டு விதைகளையும் எடுக்கும் சத்திரசிகிச்சை சின்னதுதான். இடுப்புக்குக் கீழே மரக்கப்பண்ணிச் செய்யலாம். உறையையும் வெளித்தோற்றத்தையும் விட்டுவிட்டு உள்ளே இருக்கும் திசுவை மட்டும் எடுக்கும் முறையும் உண்டு. சில மணித்தியாலங்களிலேயே ஓமோன் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். பலனில் ஊசிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. திகதி தவறுமே என்ற பயம் இல்லை, மருந்து தட்டுப்பாடாகுமே என்ற பயமும் இல்லை. 2022 இல் மருந்துத் தட்டுப்பாட்டில் நாடே திண்டாடிய நாட்களில், சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு அந்த ஒரு கவலையாவது இல்லாமல் இருந்தது. குறை ஒன்று உண்டு, எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாது. சிலருக்கு மனதில் அது பெரிய இடி. சிலர், "காசும் மிச்சம், அலைச்சலும் மிச்சம், வெட்டி எடுங்கோ" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுகிறார்கள். ஆளுக்கு ஆள் வேறு.

ஆனால் தங்கச்சி, சத்திரசிகிச்சைக்கான சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வைக்க வேண்டியவர் உங்கள் அப்பா. அண்ணாவோ நீங்களோ வைக்க முடியாது. சலப்பையில் கிருமி என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் போய், அந்தக் கிருமிக்காக விதையை எடுக்கப் போகிறோம் என்று எப்படிச் சொல்வீர்கள்?

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். கேள்வி ஊசியைப் பற்றியது. எனக்குக் கண்ணில் பட்டது அந்தப் பூட்டிய அலுமாரி.

நீங்கள் ஏன் மறைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இதுதான். 'கான்சர்' என்ற சொல்லைக் கேட்டால் மனுசன் சோற்றைத் தள்ளிவிட்டுப் படுத்துவிடுவார் என்ற பயம். அன்பினால் வந்த பயம், அதில் நான் குற்றம் பிடிக்கவில்லை. ஆனால் எந்த வருத்தத்தை மறைத்தாலும் இதை மறைப்பது சரிவராது. ஏனென்றால் இந்தச் சிகிச்சை ஒரு ஆணின் உடம்பை அவருக்கே தெரியாத இன்னொரு உடம்பாக மாற்றுகிறது. அந்த மாற்றத்துக்குக் காரணம் தெரியாவிட்டால், அவராகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடிப்பார். தனக்கு வயது போய்விட்டது, தான் ஒன்றுக்கும் உதவாதவன் ஆகிவிட்டேன், அல்லது தனக்கு யாரோ ஏதோ செய்துவிட்டார்கள். மூன்றையும் என் மேசைக்கு முன்னால் கேட்டிருக்கிறேன்.

இரவு வியர்வையை எடுங்கள். மாதவிடாய் நிற்கும் காலத்தில் அம்மாவுக்கு உடம்பு அனலாகக் கொதித்துத் திடீரென வியர்த்ததே, அதேதான் இது. ஓமோன் இறங்கும்போது உடம்பின் சூட்டைக் கட்டுப்படுத்தும் இடம் குழம்பிவிடுகிறது. நெஞ்சில் இருந்து முகத்துக்கு ஒரு அனல் ஏறும், தலையணை நனையும், பிறகு குளிரும். உயிருக்கு ஆபத்தில்லை. படுக்கப் போகும் நேரம் சூடான தேத்தண்ணியையும் உறைப்புக் கறியையும் குறைத்துப் பாருங்கள். மெல்லிய பருத்திச் சாரமும், பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீரும் இருக்கட்டும். நித்திரையே இல்லாமல் போகும் அளவுக்கு என்றால் வைத்தியரிடம் சொல்லுங்கள், அதைக் குறைக்க மருந்து உண்டு. ஆனால் எல்லாவற்றிலும் முதல் மருந்து, அம்மா அவருக்குப் பக்கத்தில் இருந்து "எனக்கும் உப்பிடித்தான் இருந்தது" என்று சொல்வது. காரணம் தெரியாமல் அம்மாவாலும் அதைச் சொல்ல முடியாது.

கோபமும் சோர்வும்கூட அதில் இருந்து வருவதுதான். தசை குறையும், இரத்தமும் கொஞ்சம் குறையும், வயிற்றில் கொழுப்பு ஏறும். நேற்று வரை இறைப்பு மெஷினைத் தனியே தூக்கி வைத்தவருக்கு இன்று ஒரு சாக்கைத் தூக்க முடியவில்லை என்றால் கோபம் வரத்தானே செய்யும்? சிலருக்கு அது மனச்சோர்வாகவே ஆகிவிடும். முற்றத்தில் இருக்கும்போது என்ன யோசிக்கிறார் என்று கேட்டிருக்கிறீர்களா? பேச்சுக் குறைந்து, சாப்பாட்டில் விருப்பமும் இல்லாமல் போனால் அதையும் கிளினிக்கில் சொல்ல வேண்டும்.

அடுத்தது நீங்கள் எழுதாத ஒன்று. மகள் அதை எழுதவும் முடியாது. இந்த ஊசி உடலுறவில் ஆசையையும் ஆண்குறி விறைப்பையும் பெரும்பாலானவர்களுக்கு இல்லாமல் செய்துவிடும். 71 வயதில் அதெல்லாம் ஏன் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அப்படி இல்லை. நாற்பது வருடத்துக்கு மேல் ஒன்றாக வாழ்ந்த இரண்டு பேருக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. கட்டில் ஏன் திண்ணைக்குப் போனது என்று கேட்டால், "உள்ளுக்கை புழுக்கம்" என்று ஒரு ஐயா சொன்னார். உண்மைக் காரணத்தை நான் விளக்கிச் சொன்ன பிறகு, அவர் மனைவி சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னிலை ஏதோ வெறுப்பெண்டு நினைச்சன்" என்றார். எட்டு மாதமாக அப்படி நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். இதை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வைத்தியர்தான் சொல்ல வேண்டும், நீங்கள் வெளியில் நிற்க.

சீனி கூடியதும் தற்செயல் இல்லை. இந்தச் சிகிச்சை சீனியையும் கொழுப்பையும் கூட்டும், இருதயத்துக்கும் சுமை கொடுக்கும். சீனிக் கிளினிக்கில் இந்த ஊசியைப் பற்றிச் சொன்னீர்களா? சொல்லியிருக்காவிட்டால் அடுத்த முறை சொல்லுங்கள், குளிசையின் அளவை மாற்ற வேண்டி வரலாம். பிறஷரையும் கவனியுங்கள். எலும்பும் மெலியும். எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் ஸ்கான், கல்சியம், விற்றமின் டி பற்றிக் கேளுங்கள். வீட்டில் குரக்கன் பிட்டும் நெத்தலியும் முருங்கையிலையும் எள்ளும் அடிக்கடி இருக்கட்டும், பனங்கட்டியோடு மட்டும் கணக்கு. எலும்புக்கு ஊசி போட வேண்டும் என்று சொன்னால் அதற்கு முதல் பல் வைத்தியரிடம் ஒருக்கால் காட்டுங்கள். அந்த ஊசிகளுக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்துண்டு.

அப்பாவைத் தோட்டத்துக்குப் போக விடுங்கள். ஓய்வெடுங்கோ என்று கதிரையில் இருத்திவிடாதீர்கள். தசை போகாமல் இருக்க, எலும்பு பலமாக இருக்க, சோர்வு குறைய, சீனி இறங்க, நான்குக்கும் உடம்பை அசைப்பதைப் போல் வேறு மருந்து இல்லை. எலும்பில் நோய் இருப்பதால் எவ்வளவு பாரம் தூக்கலாம் என்று மட்டும் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பரியாரியாரின் கசாயம் ஏதாவது கொடுப்பதென்றால் கொப்பியோடு வந்து காட்டிவிட்டுக் கொடுங்கள். ஊசிக்குப் பதிலாகக் கொடுக்கவே வேண்டாம்.

இனி தெல்லிப்பழை. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது இதுதான். 2011 இல் தெற்கே தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை சனம் நடந்து சேர்த்த காசில் எழும்பிய புற்றுநோய் வைத்தியசாலை அது. அதற்கு முன்பு எங்கள் ஆட்கள் கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு இரவு பஸ் ஏறினார்கள். இன்று கோப்பாயில் இருந்து அரை நாளில் போய்வரலாம். வாசலில் இருக்கும் ஒரு போர்டுக்குப் பயந்து அப்பாவுக்கு அதை இல்லாமல் செய்துவிட்டீர்கள்.

அதனால் என்ன குறைந்தது என்கிறீர்களா? பரவிய நோய்க்கு ஊசி மட்டும் போதும் என்று இருந்த காலம் போய்விட்டது. ஆரம்பத்திலேயே ஊசியோடு அபிராட்டெரோன் என்ற குளிசையைச் சேர்த்தால் ஆயுள் கூடுகிறது என்று 2017 இல் இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. என்சலுட்டமைட், அபாலுட்டமைட் போன்ற குளிசைகளுக்கும், சிலருக்கு டொசிடக்செல் என்ற மருந்தேற்றலுக்கும் அப்படிப் பலன் உண்டு. எலும்பில் சில இடங்களில் மட்டும் பரவியவர்களுக்குப் புரொஸ்டேட்டுக்குக் கதிர்ச்சிகிச்சை கொடுத்தாலும் ஆயுள் கூடுகிறது என்று 2018 இல் பிரித்தானிய ஆய்வொன்று காட்டியது. அப்பாவுக்கு மூன்று இடங்கள்தான். அவருக்கு எது பொருந்தும், இப்போதும் நேரம் இருக்கிறதா என்பதை அங்கே இருக்கும் புற்றுநோய் வைத்திய நிபுணர் ஸ்கானைப் பார்த்துச் சொல்வார். அபிராட்டெரோனோடு பிரெட்னிசொலோன் என்ற ஸ்டெரொயிட் குளிசையும் சேர வேண்டும், சீனி வருத்தம் உள்ளவருக்கு அதையும் யோசிக்க வேண்டும். அண்ணாவிடம் போனில் கேட்டு முடிக்கிற விசயம் இல்லை இது.

தீவுப் பகுதியில் இருந்து வந்த ஒரு கடற்தொழிலாளி ஐயா. அவருக்கும் வீட்டில் 'கிருமி' என்றுதான் சொல்லியிருந்தார்கள். உங்கள் அப்பா மாதிரியே நோவு போனது, சலம் சீராகப் போனது. கடலுக்குப் போகிற நாள் வீணாகுது என்று இரண்டு ஊசியை விட்டுவிட்டார். திரும்பி வந்தபோது இரண்டு பேர் கதிரையோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். முள்ளந்தண்டில் கட்டி பெருத்து நரம்பை அமுக்கி, கால் இரண்டும் விழுந்துவிட்டது. கால் விழுந்து மூன்று நாள் கழித்துத்தான் கொண்டுவந்தார்கள். எங்களால் நடக்க வைக்க முடியவில்லை. மகன் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: "உது கான்சர் எண்டு சொல்லியிருந்தா நான் ஊசியை விட்டிருப்பனே, டொக்டர்?"

ஆகவே நான் சொல்லும் அறிகுறிகளை வீட்டில் எல்லாரும் மனதில் வைத்திருங்கள். முதுகில் புதிதாகவோ கூடிக்கொண்டோ போகும் நோவு, காலில் பலவீனம், விறைப்பு, நடக்கும்போது தள்ளாட்டம், சலம் திடீரென அடைபடுதல், மலம் கட்டுப்படாமல் போதல். இதில் எது வந்தாலும் கிளினிக் நாள் வரட்டும் என்று பார்க்கக் கூடாது. அன்றைக்கே, இரவானாலும், யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். மணித்தியாலங்கள்தான் கணக்கு.

எப்படிச் சொல்வது என்றுதான் இப்போது யோசிப்பீர்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியதில்லை. முதலில், "அப்பா, உங்கடை வருத்தத்தைப் பற்றி முழுக்கத் தெரிய விரும்புறீங்களோ?" என்று கேளுங்கள். பலர் அப்போதே, "எனக்குத் தெரியும் பிள்ளை" என்பார்கள். எட்டு மாதமாக வீட்டில் எல்லாரும் குசுகுசுத்ததை அவர் கவனிக்காமல் இருந்திருப்பார் என்று நினைக்காதீர்கள். தெரிய வேண்டாம், நீங்களே பாருங்கோ என்றால் அதுவும் அவருடைய தீர்மானம், அதை மதிக்கலாம். ஆனால் அதை அவர் சொல்ல வேண்டும். கேட்கிறார் என்றால், புரொஸ்டேட்டில் புற்றுநோய், எலும்புக்கும் போயிருக்கிறது, ஆனால் ஊசி அதை நன்றாக அடக்கி வைத்திருக்கிறது என்று அந்த ஒழுங்கில் சொல்லுங்கள். 92 என்ற இலக்கத்தையும் 0.3 என்ற இலக்கத்தையும் காட்டுங்கள். கோரைக் கதையைச் சொல்லுங்கள், அது அவருக்குப் பிடிபடும். உங்களால் வாய் திறக்க முடியாவிட்டால் கிளினிக்கில் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாங்கள் சொல்லித் தருவோம், அது எங்கள் வேலை.

அழுவார். ஒருவேளை மறைத்ததற்காக உங்களோடு இரண்டு நாள் பேசாமலும் இருப்பார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊசிக்குப் போகும் நாளில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். தெல்லிப்பழைக்கான கடிதத்தை அன்றைக்கே திரும்பக் கேட்டு வாங்குங்கள். புறப்படும்போது அலுமாரியைத் திறந்து, கொப்பியை எடுத்து அப்பாவின் கையில் கொடுங்கள்.